நாலாவது தோசையின் மதிப்பு என்ன?

பொருளாதாரம் என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடப் பார்க்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். அது டில்லியில் பட்ஜெட் சமயத்தில் மட்டும் பேசப்படுகிற விஷயம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாஸ்தவத்தில் அந்த சாஸ்திரத்தின் அஸ்திவாரமே உங்கள் கையில் இருக்கும் காய்கறிப் பையில்தான் இருக்கிறது. கத்தரிக்காய் கால் கிலோ போதுமா, அரைக் கிலோவாக வாங்கிவிடலாமா என்று கடைக்கு முன்னால் ஒரு நிமிஷம் தயங்கி நிற்கிறீர்கள் அல்லவா? அந்த ஒரு நிமிஷத்துக்கு விளக்கம் சொல்வதற்காக மகா மேதாவிகள் தலையணை தலையணையாகப் புத்தகங்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

அவர்கள் கண்டு சொன்னதில் முக்கால் பங்கு உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததுதான். பெயர்தான் தெரியாது. மிச்சமுள்ள கால் பங்கில் ஒரு சங்கடமான கேள்வி ஒளிந்திருக்கிறது. அது குடும்பம் நடத்தும் பெண்களைப் பற்றிய கேள்வி. அதற்குப் போகுமுன் முதலில் தோசைக் கல்லை அடுப்பில் போடுவோம்.

காலையில் நல்ல பசியோடு உட்கார்ந்தவர் தட்டில் முதல் தோசை விழுகிறது. அமிர்தமாக இருக்கிறது. இரண்டாவதும் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவதைச் சாப்பிடும்போது கண் கைபேசிக்குப் போய்விடுகிறது. "இன்னொன்று போடட்டுமா?" என்று நாலாவதற்குக் கேட்டால், "உம், போடேன்" என்று பதில் வருகிறது. ஐந்தாவதற்கு, "ஐயையோ, வேண்டவே வேண்டாம்!" என்று தட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறார். ஐந்தும் ஒரே மாவு, ஒரே கல், ஒரே கை. தோசையில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதற்கு முன்னால் எத்தனை உள்ளே போயிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு பொருளால் நமக்குக் கிடைக்கும் திருப்திக்குப் பொருளாதார நூல்களில் 'பயன்பாடு' என்று பெயர். இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். கஷாயம் உடம்புக்கு நல்லது. பஜ்ஜி அவ்வளவு நல்லதில்லை. ஆனால் மழை கொட்டும் மாலையில் ஒருவருக்குப் பஜ்ஜியின் மேல்தான் ஆசை என்றால், அந்த வேளையில் அவருக்குப் பஜ்ஜியில்தான் பயன்பாடு அதிகம். எது நல்லது, எது கெட்டது என்று புத்தி சொல்லும் வேலையைப் பொருளாதாரம் பாட்டிமார்களிடம் விட்டுவிட்டது. உனக்கு எது வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது.

சரி. கடைசியாக விழுந்த ஒரு தோசை கூடுதலாகத் தரும் திருப்தி இருக்கிறதே, அதற்கு 'இறுதிநிலைப் பயன்பாடு' என்று பெயர். ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிடச் சாப்பிட அது குறைந்துகொண்டே போகும் என்பதைத்தான் கல்லூரிப் பாடப் புத்தகங்கள் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று ரயில் வண்டி நீளத்துக்குச் சொல்கின்றன. விருந்தாளியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், இன்னும் ஒரு கரண்டி பாயசம் விடுவதா நிறுத்துவதா என்று கண்டுகொள்ளும் எந்த அம்மாளுக்கும் இந்த விதி தண்ணீர் பட்ட பாடு.

தண்ணீரும் வைரத் தோடும்

தண்ணீர் என்றதும் ஒரு பழைய புதிர் ஞாபகத்துக்கு வருகிறது. 1776-ம் வருஷம் ஸ்காட்லாந்துக்காரரான ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' என்ற புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பொருளாதாரத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். தண்ணீரைப் போல உபயோகமான வஸ்து வேறு இல்லை; ஆனால் அதைக் கொடுத்து வேறு எதையும் வாங்க முடிவதில்லை. வைரத்தால் ஒரு வேளைப் பசிகூடத் தீராது. அதற்கோ கொள்ளை விலை. இது ஏன் என்று அந்த நூலில் அவர் கேட்டார். பண்டத்தை உண்டாக்குவதற்குப் பட்ட பாட்டைக் கொண்டு விலைக்கு விளக்கம் சொன்னாரே தவிர, புதிர் முழுவதும் அவிழவில்லை.

முடிச்சு அவிழ ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. 1871-ல் இங்கிலாந்தில் ஜெவன்ஸ், அதே வருஷம் ஆஸ்திரியாவில் மெங்கர், 1874-ல் ஸ்விட்ஸர்லாந்தில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் வால்ராஸ் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். 'தண்ணீர்' என்று மொத்தமாகப் பேசாதே. 'இன்னும் ஒரு குடம் தண்ணீர்' என்று பேசு. அதுதான் விடை.

குழாயில் தாராளமாக வரும் காலத்தில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? முதல் குடம் குடிப்பதற்கு. இரண்டாவது சமையலுக்கு. அப்புறம் குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க. பத்தாவது குடம் வாசல் தெளிக்கவும் துளசிச் செடிக்கு ஊற்றவும் போகிறது. முதல் குடம் உயிருக்குச் சமானம். ஆனால் ஒரு குடம் குறைந்து போனால் நீங்கள் இழப்பது முதல் குடத்தை அல்ல, துளசிச் செடிக்கு ஊற்றும் பத்தாவது குடத்தைத்தான். தண்ணீரின் விலை அந்தக் கடைசிக் குடத்தைப் பார்த்து நிற்கிறது. வைரமோ யாருக்கும் பத்துக் குடம் கிடைப்பதில்லை. அதற்கு எப்போதும் முதல் குடத்து மதிப்புத்தான்.

2019-ம் வருஷம் கோடையில் சென்னைவாசிகள் இந்தப் பாடத்தைப் புத்தகம் இல்லாமலே படித்தார்கள். நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு போயின. லாரி வரும் நேரத்துக்காகக் குடங்கள் தெருவில் வரிசை கட்டி நின்றன. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயிலே வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர் மாறவில்லை; மனிதர்களின் தாகமும் மாறவில்லை. பத்தாவது குடம் இல்லாமல் போய் எல்லாக் குடமும் முதல் குடமாகிவிட்டது. அதனால்தான் அத்தனை பாடு.

கடைசி இருபது ரூபாய்

இந்த விஷயத்தில் ஒரு பரிதாபமான கதை உண்டு. ஜெவன்ஸ் முதலியோருக்கு வெகு காலம் முன்பே, 1854-ல், கோஸென் என்ற ஜெர்மானியர் இதே கருத்துக்களை ஒரு புத்தகமாக எழுதினார். அவர் பிரஷ்ய சர்க்காரில் உத்தியோகம் பார்த்து விலகியவர். வானத்தில் கிரகங்களின் ஓட்டத்துக்குக் கோபர்நிகஸ் விதி கண்டது போல, மனிதர்களின் ஆசைகளுக்குத் தான் விதி கண்டுவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. புத்தகத்தை வாங்குவார் இல்லை. மனம் நொந்துபோய், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1858-ல் காலமாகிவிட்டார். இருபது வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட ஜெவன்ஸ், தமக்கு முன்பே ஒருவர் இதையெல்லாம் சொல்லிவிட்டார் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

கோஸென் சொன்ன இரண்டாவது விதிதான் குடும்பத் தலைவிகளுக்கு மிகவும் சொந்தமானது. கையில் உள்ள பணத்தைப் பல பொருள்களுக்குப் பங்கிடும்போது, ஒவ்வொன்றிலும் செலவாகும் கடைசி ரூபாய் தரும் திருப்தி ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மொத்தத் திருப்தி அதிகம். தலை சுற்றுகிறதா? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் கையில் ஐந்து இருபது ரூபாய் நோட்டுகள். வாங்க வேண்டியவை பழமும் பூவும். பழத்துக்குக் கொடுக்கும் முதல் நோட்டு 50 மார்க் திருப்தி தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது 40, மூன்றாவது 30, நாலாவது 20, ஐந்தாவது 10. பூவுக்குக் கொடுக்கும் முதல் நோட்டு 35 மார்க், இரண்டாவது 25, மூன்றாவது 12. பழம்தான் அதிகம் பிடிக்கிறதே என்று ஐந்து நோட்டையும் பழக்காரியிடமே கொடுத்தால் மொத்தம் 150 மார்க். மூன்று நோட்டுக்குப் பழம், இரண்டு நோட்டுக்குப் பூ வாங்கினால் 180. நாலுக்குப் பழம், ஒன்றுக்குப் பூ என்றால் 175. இரண்டுக்குப் பழம், மூன்றுக்குப் பூ என்றால் 162. பழத்தில் கடைசி நோட்டின் 30-ம், பூவில் கடைசி நோட்டின் 25-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடத்தில்தான் உச்சம். மிகவும் பிடித்த பொருளாக இருந்தாலும், ஒரு கட்டத்துக்கு மேல் அடுத்த நோட்டு வேறு கடைக்குப் போக வேண்டும்.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மார்ஷல் 1890-ல் வெளியிட்ட தமது பெரிய நூலில் இந்த விதிக்கு யாரை உதாரணம் காட்டினார் தெரியுமா? வியாபாரியையும் மந்திரியையும் விட்டுவிட்டு, கையில் கொஞ்சம் கம்பளி நூலை வைத்துக்கொண்டு காலுறைக்கு எவ்வளவு, உள்சட்டைக்கு எவ்வளவு என்று பங்கிடும் ஒரு வீட்டுப் பெண்ணைத்தான்! அடேயப்பா, இத்தனை பெரிய சாஸ்திரத்துக்கு மூல ஆசிரியை ஓர் இல்லத்தரசி என்பதில் நமக்குப் பெருமை இருக்கத்தானே வேண்டும்?

"எதுவானாலும் சரி"

நியாயமான ஒரு சந்தேகம் உங்களுக்கு இப்போது எழுந்திருக்கும். திருப்திக்கு மார்க் போட முடியுமா? அதை அளக்கத் தராசு ஏது?

1881-ல் எட்ஜ்வொர்த் என்ற அறிஞர், ஒருவருடைய இன்பத்தைக் கணத்துக்குக் கணம் குறித்துக் காட்டும் ஒரு கருவியைக் கற்பனை செய்து பார்த்தார். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி ஆனந்தம் பார்க்க ஒரு மீட்டர்! கருவி கற்பனையோடு நின்றது. பிறகு, 1934-ல் ஹிக்ஸ், ஆலன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், அளவே வேண்டாம், வரிசை போதும் என்று காட்டினார்கள். காபி எத்தனை மார்க், டீ எத்தனை மார்க் என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டில் எது மேல் என்று சொல்லத் தெரிந்தால் போதும். இந்த வரிசைக்குத்தான் 'விருப்பம்' என்று பெயர்.

விருப்பத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. எந்த இரண்டை முன்னால் வைத்தாலும், இது மேல், அது மேல், அல்லது இரண்டும் சமம் என்று ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன வரிசை முன்னுக்குப் பின் முரணாக இருக்கக் கூடாது. டீயைவிடக் காபி மேல், பாலைவிட டீ மேல் என்று சொன்னவர், காபியைவிடப் பால் மேல் என்றால் என்ன ஆகும்? ஒரு கெட்டிக்கார வியாபாரி அவரிடம் ஒவ்வொரு முறையும் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு, பாலுக்கு டீ, டீக்குக் காபி, காபிக்குப் பால் என்று சுற்றிச் சுற்றி மாற்றிக் கொடுத்தே அவருடைய பர்ஸைக் காலி செய்துவிடுவான்!

'இரண்டும் சமம்' என்பதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. மாதத்துக்குப் பத்துக் கிலோ அரிசியும் இரண்டு கிலோ துவரம் பருப்பும்; அல்லது ஏழு கிலோ அரிசியும் மூன்று கிலோ பருப்பும். "எதுவானாலும் சரி" என்று நீங்கள் சொன்னால், உங்கள் மனசில் ஒரு கிலோ பருப்புக்கு மூன்று கிலோ அரிசி ஈடு என்று அர்த்தம். இப்படி "எதுவானாலும் சரி" என்று தோன்றுகிற சேர்க்கைகளை எல்லாம் காகிதத்தில் புள்ளி வைத்துக் கோலம் மாதிரி இணைத்தால் வருவதுதான் 'சமநோக்கு வளைகோடு'. பருப்பு டப்பா காலியாக ஆக, அதில் ஒரு கிலோவை விட்டுக் கொடுக்க நீங்கள் கேட்கும் அரிசி கூடிக்கொண்டே போகும். அதனால்தான் அந்தக் கோடு நேராகப் போகாமல் வளைகிறது.

கடைக்காரரும் ஒரு ஈடு வைத்திருக்கிறார். அரிசி கிலோ 50 ரூபாய், பருப்பு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் ஒரு கிலோ பருப்பு மூன்று கிலோ அரிசிக்குச் சமம். உங்கள் மனசோ, இன்னொரு கிலோ பருப்புக்காக நாலு கிலோ அரிசியைக்கூட விடலாம் என்கிறதா? அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள், லாபம். மனசின் ஈடும் கடையின் ஈடும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பட்டம் பெற்றவர்கள் படம் போட்டு விளக்குவதும் இதைத்தான்.

பையில் யாருடைய ஆசை?

1938-ல் அமெரிக்கரான சாமுவேல்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். மனசுக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம். ஒருவர் எதை வாங்குகிறார் என்பதைப் பார்த்தாலே அவருடைய விருப்பம் வெளிப்பட்டுவிடும் என்றார். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற பெரியவர் அவர். வாய் பேசுவதை நம்பாதே, பையைப் பார் என்பது நல்ல யோசனை மாதிரித்தான் தோன்றுகிறது.

எங்கே, உங்கள் பையைக் கொஞ்சம் கவிழ்த்துப் பார்ப்போம். உருளைக்கிழங்கு இருக்கிறது, பையனுக்கு அது இல்லாமல் சாதம் இறங்காது. வாழைத்தண்டு, மாமனாருக்கு டாக்டர் சொன்னது. வெண்டைக்காய், பெண்ணுக்குப் பிடித்தது. நல்ல காபித் தூள், வீட்டுக்காரருக்கு. உங்களுக்குப் பாகற்காய்ப் பிட்லை என்றால் உயிர். ஆனால் வீட்டில் வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதால் பாகற்காய் வாங்கி எத்தனையோ நாள் ஆயிற்று. சாமுவேல்சனின் சிஷ்யர் ஒருவர் இந்தப் பையைப் பரிசோதித்தால் என்ன எழுதிக்கொள்வார்? 'இந்த அம்மாளுக்கு உருளைக்கிழங்கில் பிரியம் அதிகம்; பாகற்காய் அறவே பிடிக்காது' என்றுதானே?

சாமுவேல்சனும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1956-ல் எழுதிய ஒரு கட்டுரையில், பல பேர் சேர்ந்த குடும்பத்துக்கு ஒரே விருப்பம் எப்படி இருக்க முடியும் என்று அவரே கேட்டுக்கொண்டார். குடும்பத்தினர் ஒருவர் தேவையை ஒருவர் உணர்ந்து, கலந்து பேசி ஒருமனதாக முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கை நடத்தினார். நல்ல குடும்பம்தான். ஆனால் எல்லா வீட்டிலும் இப்படிக் கூட்டம் போட்டா முடிவு செய்கிறார்கள்?

"அன்பு இருந்தால் சொல்லாமலே தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அதையும் ஒருவர் சோதித்துப் பார்த்தார். 1993-ல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர், கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றித் தம் மாணவர்களிடம் விசாரித்தார். வந்த பரிசின் விலை எவ்வளவு இருக்கும்? அதுவே கடையில் இருந்தால் நீ எவ்வளவு கொடுத்து வாங்குவாய்? பதில்களைக் கூட்டிப் பார்த்தால், பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகி இருந்தது. நெருங்கிய நண்பர்கள் கொடுத்த பரிசுகளில் நஷ்டம் கொஞ்சம். எப்போதோ பார்க்கிற உறவினர்கள் கொடுத்ததில் அதிகம். தீபாவளிக்கு நாத்தனார் எடுத்துக் கொடுத்து, இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் தூங்கும் புடவை ஞாபகம் வருகிறதா? அன்பில் குறைவில்லை. உங்களுக்கு எது பிடிக்கும் என்பது உங்களைத் தவிர இன்னொருவருக்கு முழுவதும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அந்த உங்களுக்கே அது மறந்து போனால்? அங்கேதான் விஷயம் விளையாட்டு இல்லாமல் ஆகிறது.

நோபல் பரிசு பெற்ற நம் நாட்டு அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக் காட்டிய ஒரு கணக்கு உண்டு. 1944-ல், வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் அகில இந்திய சுகாதாரக் கழகத்தார் ஜனங்களின் தேக நலத்தை விசாரித்தார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்களுக்கு நோய் என்றோ உடம்பு சுமார் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம் பேர்தான்! அந்தக் காலத்து வங்காள விதவைகள் அத்தனை பேரும் திடகாத்திரமாக இருந்தார்கள் என்று யாராவது நம்ப முடியுமா? தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும் வழக்கமே அவர்களிடம் இல்லை. குறை சொல்ல உரிமை உண்டு என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

"எனக்கென்ன, எதுவானாலும் சரி" என்று நம் வீடுகளில் ஒரு குரல் கேட்கிறதே, அதை இப்போது நினைத்துப் பாருங்கள். அரிசிக்கும் பருப்புக்கும் நடுவே நின்று யோசித்துச் சொல்லும் "எதுவானாலும் சரி" ஒரு ரகம். கேட்டுப் பயனில்லை என்று பழகிப்போய்ச் சொல்லும் "எதுவானாலும் சரி" வேறொரு ரகம். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

பணம் எந்தக் கைக்குப் போகிறது?

குடும்பம் முழுவதற்கும் மனசு ஒன்றுதான் என்றால், பணம் யார் கைக்கு வந்தாலும் செலவு ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். இதைச் சோதிக்கும் சந்தர்ப்பம் பிரிட்டனில் தானாகவே வாய்த்தது. அங்கே குழந்தைகளுக்காகத் தகப்பனாரின் சம்பளத்தில் வரிச் சலுகை கொடுத்து வந்தார்கள். 1977 முதல் 1979 வரை படிப்படியாக அதை நிறுத்திவிட்டு, தாயார் கையில் ரொக்கமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். குடும்பம் அதேதான், பணம் மட்டும் அப்பாவின் பையிலிருந்து அம்மாவின் பைக்கு இடம் மாறியது. பின்னால் லுண்ட்பெர்க், பொல்லாக், வேல்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் செலவுக் கணக்குகளை அலசி 1997-ல் வெளியிட்டார்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு, ஆண்களின் துணிமணிச் செலவோடு ஒப்பிட்டால், குழந்தைகளின் உடுப்புகளுக்கும் பெண்களின் உடுப்புகளுக்கும் ஆன செலவு கூடியிருந்தது.

தென்னாப்பிரிக்காவில் முதியோர் பென்ஷனைப் பற்றி எஸ்தர் டுஃப்லோ 2003-ல் எழுதியதும் இதே கதைதான். பாட்டியின் கைக்குப் பென்ஷன் வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் தேறியிருந்தன. தாத்தாவின் கைக்கு வந்த வீடுகளில் அந்த அபிவிருத்தியைக் காணோம். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ந் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளின் பெயரிலேயே பாங்கிக் கணக்குக்குப் போயிற்று. ஆயிரம் ரூபாய் யார் கணக்கில் விழுந்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு பிரிட்டிஷ் அம்மாக்களும் ஆப்பிரிக்கப் பாட்டிகளும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தையும் கவனியுங்கள். அம்மாவும் பாட்டியும் கைக்கு வந்ததிலிருந்து பிள்ளைகளுக்கும் செலவழித்தார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் கோஸெனின் விதி என்ன சொல்லிற்று? கடைசி ரூபாயின் திருப்தி எல்லாப் பக்கமும் சமமாக வேண்டும்.

அந்த விதியைத் தோசைக் கல்லுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் தட்டில் அரை மனசோடு விழுந்தது நாலாவது தோசை. கல்லுக்கு முன் நிற்பவர் இன்னும் முதல் தோசையே சாப்பிடவில்லை. மாவு தீர்ந்துபோய், கடைசியில் அவருக்கு நேற்றைய சாதமும் மோரும்தான். ஒருவர் திருப்தியை இன்னொருவர் திருப்தியோடு ஒப்பிட சாஸ்திரத்தில் வழியில்லை என்று 1932-ல் லண்டன் பேராசிரியர் ராபின்ஸ் அடித்துச் சொன்னார். ஏட்டில் அது சரியாகவே இருக்கட்டும். வீட்டில் அந்த ஒப்பிடுதலைத் தினமும் மூன்று வேளையும் செய்துகொண்டிருப்பவர் நீங்கள்தான். யாருக்குப் பசி அதிகம், யாருக்கு இன்று மனசு சரியில்லை, யாருக்கு ஒரு கரண்டி நெய் கூட வேண்டும் என்றெல்லாம் கண்ணாலேயே அளந்து பரிமாறுகிறீர்கள். அந்தக் கணக்கில் ஒரே ஒரு பெயர் மட்டும் விட்டுப் போகிறது. ஒரு பெயர் விட்டுப் போன கணக்கு எப்படிச் சரியாகும்?

ஆகவே சகோதரிகளே, இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது, 'இது நல்ல பொருளா?' என்பதோடு 'இதில் இன்னும் ஒன்று எனக்கு வேண்டுமா? இதே பணத்துக்கு வேறு எதை விடுகிறேன்?' என்றும் கேளுங்கள். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற விளம்பரங்கள் உங்கள் கவனத்தை அந்த இரண்டாவது கேள்வியிலிருந்து திருப்பவே பாடுபடுகின்றன. வீட்டில், "உனக்கு என்ன வேண்டும்?" என்று யாராவது கேட்டால், "எதுவானாலும் சரி" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் யோசித்து, ஒரு பெயரைச் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கும் அது உபகாரம். அவர்கள் ஊகித்து ஊகித்துப் பீரோவை நிரப்ப வேண்டியதில்லை.

அடுத்த மாதச் சாமான் ஜாபிதா எழுத உட்காரும்போது, அதில் உங்களுக்கென்றும் ஒரு வரி இருக்கட்டும். அரைக் கிலோகூட வேண்டாம். கால் கிலோ பாகற்காய் போதும்.